மஞ்சள் சட்டை அரட்டை: புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் கூடிப் பேசும் குழுவுக்குள் புதிதாக வருபவர்கள் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்கத் தயங்கி, ஒரு மாதம் சும்மா படித்துவிட்டு வெளியேறிவிடுபவர்களும் உண்டு. அவர்களை நினைத்து எழுதியது இது.

ஐபிஎல் இரண்டு மாதம்தானே? மீதி நாளெல்லாம் என்ன பேசுவீர்கள்?

பெரும்பாலும் "சாப்டாச்சா?" என்றுதான் தொடங்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு இன்டர்வியூ, யார் பையனுக்குக் காய்ச்சல் என்று போகும். நடுவில் ஒருவர் 2010 ஏப்ரலில் தர்மசாலாவில் தோனி கடைசி ஓவரில் இர்ஃபான் பதானின் பந்துகளை விளாசிவிட்டுத் தன் ஹெல்மெட்டில் தானே குத்திக்கொண்ட அந்தக் காட்சியைப் போடுவார். அவ்வளவுதான், அன்று இரவு யாரும் தூங்கப் போவதில்லை.

கிரிக்கெட்டுக்கும் பஞ்சம் இல்லை. கோடை முடிந்ததும் தமிழ்நாடு பிரீமியர் லீக் வரும். 2016 முதல் நடக்கிறது. அடுத்த சாய் சுதர்சன் யார் என்று பந்தயம் கட்டாத குறையாகப் பேசுவோம். அமெரிக்காவில் ஆடும் நம் சகோதர அணி டெக்சாஸ் சூப்பர் கிங்ஸின் ஆட்டம் நம் நேரப்படி விடியற்காலை என்பதால் பால் வாங்கப் போகிறவர்கள்தான் ஸ்கோர் சொல்வார்கள். ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் ஆடும் ஜோபர்க் சூப்பர் கிங்ஸ். ஜூலை 7 தோனி பிறந்தநாள். ஆண்டுக் கடைசியில் யாரைத் தக்க வைப்பார்கள், யாரை விடுவார்கள் என்ற கணக்கு. ஏலம் நடக்கும் நாளில் ஆளாளுக்கு ஒரு பொருளாதார நிபுணர்.

ஆனால் இந்தப் பத்து மாதத்தின் உண்மையான பயன் வேறு. உங்கள் மகள் பிளஸ் டூ எழுதியதும், நீங்கள் வீடு மாறியதும் தெரிந்த ஒருவர், நம் அணி தோற்ற இரவில் உங்களைத் திட்ட மாட்டார். ஏப்ரலில் மட்டும் கூடுகிற குழுக்கள் ஏப்ரலிலேயே சண்டை போட்டு உடைவதைப் பல முறை பார்த்தாயிற்று. வெட்டி அரட்டை என்று வெளியிலிருந்து தெரிவதுதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

எனக்குக் கிரிக்கெட் அவ்வளவாகத் தெரியாது. கேட்டால் சிரிப்பீர்களா?

சிரிக்க மாட்டோம். "இது கூடத் தெரியாதா" என்று யாராவது எழுதினால் அவருக்குத்தான் முதலில் பதில் போகும். தெரியாததைக் கேட்பவர் வந்தால் அரட்டைக்கே உயிர் வரும்.

நெட் ரன் ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் முடியும் தறுவாயில், புள்ளி சமமான அணிகளில் யார் மேலே என்று பார்க்க எல்லோரும் கேட்பது அதைத்தான். லீக் சுற்றில் ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் எடுத்தது, எத்தனை ரன் கொடுத்தது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். 15 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் 20 ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு; அதனால்தான் ஆல் அவுட் இவ்வளவு வலிக்கிறது.

2024 மே 18 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும். பெங்களூரு 218 எடுத்தது. நாம் ஜெயிக்க 219 வேண்டும். ஆனால் 201 எடுத்தாலே, தோற்றாலும் நெட் ரன் ரேட்டில் நாம் மேலே நின்று, முதல் நான்கு அணிகள் ஆடும் பிளே ஆஃப் போயிருப்போம். கடைசி ஓவரில் அந்த 201-க்கு 17 ரன் வேண்டும். முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார். அடுத்த பந்தில் அவுட். 191-இல் நின்றுவிட்டோம். அன்றைக்கு ஒரு அக்கா, "ஜெயிக்கவே வேண்டாம்னா ஏன் எல்லாரும் அழறீங்க?" என்று கேட்டார். அந்த இரவிலும் அவருக்கு மூன்று பேர் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இப்போது சீசன் கடைசியில் குழுவில் கணக்குப் போடுவது அவர்தான்.

தல, சின்ன தல, பராசக்தி எக்ஸ்பிரஸ்... யார் யார் இவர்கள்?

தல என்றால் இங்கே தோனி. சின்ன தல சுரேஷ் ரெய்னா. ஐபிஎல்லில் 5000 ரன்னை முதலில் தொட்டவர். 2022 ஏலத்தில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. அந்த நாளைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்னும் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். தளபதி ஜடேஜா. பராசக்தி எக்ஸ்பிரஸ் இம்ரான் தாஹிர். விக்கெட் எடுத்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடுவாரே, அவர்தான். 2019-இல் நாற்பது வயதில் 26 விக்கெட் எடுத்து, அந்த சீசனில் அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பி வாங்கினார். குட்டி மலிங்கா பதிரானா. லார்டு என்றால் ஷர்துல் தாக்கூர்.

"டெஃபனிட்லி நாட்" என்று யாராவது எழுதினால் குழம்ப வேண்டாம். 2020 நவம்பரில் அபுதாபியில் டாஸ் நேரத்தில், மஞ்சள் சட்டையில் இதுதான் கடைசி ஆட்டமா என்று வர்ணனையாளர் டேனி மாரிசன் கேட்டார். தோனி சொன்ன பதில் அது. இப்போது "இன்னிக்கு ஆபீஸ் போறியா?" என்பதற்கும் அதுவே பதில். டாடிஸ் ஆர்மி என்பது 2018 அணி. ஏலம் முடிந்ததும் முப்பது தாண்டியவர்கள் நிறைந்த அணி என்று ஊரே கேலி செய்தது. அவர்கள்தான் கோப்பையை எடுத்து வந்தார்கள்.

ஆட்டம் நடக்கும்போது எப்படிப் பேச வேண்டும்?

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறோம். டிவியில் வருவதற்கும் மொபைலில் வருவதற்கும் பல நொடி இடைவெளி உண்டு. டிவி பார்ப்பவர் "போச்சு!" என்று போட்டால், மொபைலில் பார்ப்பவருக்குப் பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடி வருகிறார். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்தை நினைத்துப் பாருங்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழை வந்து, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் இரண்டு பந்தில் 10 ரன். மோகித் சர்மா பந்தில் ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. அதை முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டவர்களின் வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதனால் ஆட்டம் நெருக்கமாகிவிட்டால், பந்து முடிந்து பத்து வரை மனதுக்குள் எண்ணிவிட்டு எழுதுங்கள்.

மற்றபடி கத்தலாம், அழலாம், மஞ்சள் இதயமாகப் போட்டு நிரப்பலாம். "சேப்பாக்கத்துல பனி விழுதா?" என்று கேட்டால், மைதானத்தில் இருக்கும் யாராவது பதில் சொல்வார்.

ராசி பார்ப்பீர்களாமே?

பார்ப்போம். சோபாவில் இடம் மாற மாட்டார்கள், துவைக்காத சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், பவர்பிளே என்னும் முதல் ஆறு ஓவர் முடியும் வரை தண்ணீர் குடிக்கப் போக மாட்டார்கள். அதெல்லாம் சுகமான பைத்தியம்.

ஆனால் "நீ பாத்தா விக்கெட் விழுது, எழுந்து போ" என்று மட்டும் யாரையும் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக் கூட. ராசியில்லாதவர் என்ற சொல்லை நம் வீடுகளில் யார் மேல் எறிகிறோம் என்று நமக்குத் தெரியும். பெரும்பாலும் பெண்கள் மேல். கணவனை இழந்த ஒருவர், கல்யாணம் தள்ளிப்போகும் ஒருவர், கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறக்கத்தான் இங்கே வந்திருப்பார். அவர் காதில் அந்தச் சொல் விளையாட்டாக விழாது. உங்கள் ராசியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்: நீங்களே எழுந்து போங்கள்.

தோற்ற இரவில் என்ன பேசலாம்?

ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். ஃபீல்டிங் அமைப்பு, பேட்டிங் வரிசை, பதினாறாவது ஓவரை யாருக்குக் கொடுத்தார்கள், எல்லாம் பேசலாம். 2025-இல் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தோம். அந்த ஆண்டு மார்ச்சில், 2008-க்குப் பிறகு முதன்முறையாக பெங்களூரு சேப்பாக்கத்தில் வந்து நம்மை வென்றது. கோபப்படாமல் எப்படி இருக்க முடியும்?

எல்லைக்கோடு எங்கே என்றால், ஆளின் வீட்டு வாசலில். 2020 அக்டோபரில் கொல்கத்தாவிடம் பத்து ரன்னில் தோற்றோம். துரத்த முடிகிற இலக்குதான். கேதார் ஜாதவ் கடைசியில் மெதுவாக ஆடினார் என்று எல்லோருக்கும் ஆத்திரம். அதைத் தொடர்ந்து தோனியின் ஐந்து வயது மகளைப் பற்றி இணையத்தில் எழுதக் கூசும் மிரட்டல் வந்தது. குஜராத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் பிடிபட்டான். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் பேரில் ஒரு குழந்தையை மிரட்டும் அளவுக்கு ஒரு பையன் போனான் என்றால், அவன் பேசிப் பழகிய இடத்தில் யாரும் அவனிடம் "டேய், போதும்" என்று சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இங்கே சொல்வோம். யாருடைய குடும்பம், சாதி, மதம், நிறம் பற்றிப் பேச்சு எடுத்தாலும் முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம், அப்புறமும் கேட்காவிட்டால் வழியனுப்பி வைப்போம்.

தோல்வியிலும் பேசித் தீராத பெருமைகள் இருக்கின்றன. 2019 இறுதியாட்டத்தில் மும்பையிடம் ஒரு ரன்னில் தோற்றோம். ஷேன் வாட்சன் 80 ரன் எடுத்தார். முழங்கால் கிழிந்து ரத்தம் கால்சட்டையில் ஊறியிருந்ததும், ஆட்டத்துக்குப் பிறகு தையல் போட்டதும் மறுநாள் ஹர்பஜன் சிங் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. அன்று முழுக்க அந்த ஒரு படம்தான் கைமாறிக்கொண்டே இருந்தது. கோப்பை வென்ற சில ஆண்டுகளைக் கூட அவ்வளவு பேசியதில்லை.

தோனி எப்போது ஓய்வு பெறுவார்?

எங்களுக்கும் இதுதான் தினசரிக் கேள்வி. பதில் அவரிடம் இருக்கிறது.

அவர் இறங்க வேண்டும் என்பதற்காக நம் ஆளே அவுட் ஆனால் கொண்டாடுகிறார்களே, சரியா?

சரியில்லை. இதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நான் என் கட்சியைச் சொல்கிறேன். தோனி படியிறங்கி வரும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் அதற்காக ஜடேஜாவின் விக்கெட்டுக்குக் கைதட்டியபோது மனசு சுருங்கிவிட்டது. 2023 மே மாதம் டெல்லி ஆட்டத்துக்குப் பிறகு ஜடேஜாவே சொன்னார், தான் மேலே இறங்கினால் தான் அவுட் ஆக வேண்டும் என்று கூட்டம் காத்திருக்கும் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருபது நாள் கழித்து அதே மனிதர்தான் அந்தக் கடைசி இரண்டு பந்தை அடித்தார். 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தானுக்கு மாற, சஞ்சு சாம்சன் இங்கே வந்தார். அன்று குழுவில் கைதட்டியவர்களும் சேர்ந்துதான் அழுதார்கள்.

அணி மாறிப் போனவர்களைத் துரோகி என்று எழுதுவதில்லை. அவர்கள் வேலைக்குப் போகிற மனிதர்கள். அஸ்வின் 2015-க்குப் பிறகு வேறு வேறு சட்டை போட்டுவிட்டு 2025-இல் திரும்பி வந்தபோது, 2011 இறுதியாட்டத்தில் முதல் ஓவரிலேயே பெங்களூருவின் கெயிலை ரன் எடுக்கவிடாமல் அனுப்பியதைத்தான் எல்லோரும் பேசினோம்.

தடை பற்றி யாராவது கேட்டால்?

மறைக்காமல் சொல்லுங்கள். 2013 சூதாட்ட விவகாரத்தில் அணி நிர்வாகத்தைச் சேர்ந்தவர் சிக்கினார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டு நிறுத்தி வைத்தது. 2016, 2017 சீசனில் நம் ஆட்கள் புனேவுக்கும் குஜராத்துக்கும் ஆடினார்கள். அந்த இரண்டு வருடம் எந்தச் சட்டைக்கு விசில் அடிப்பது என்று தெரியாமல் இருந்தோம். "சூதாட்ட டீம்" என்று யாராவது சீண்டினால் கத்திப் பயனில்லை, நடந்தது நடந்ததுதான்.

2018-இல் திரும்பி வந்த கதையை மட்டும் விரிவாகச் சொல்லுங்கள், அதில் சலிப்பே வராது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டத்தோடு மீதி எல்லாம் புனேவுக்குப் போனது. சென்னையிலிருந்து விசில் போடு எக்ஸ்பிரஸ் என்று தனி ரயில் விட்டார்கள். சுமார் ஆயிரம் பேர் மஞ்சள் சட்டையோடு ஏறிப் போனார்கள். போய் இறங்கிய அன்று ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் சதம் அடித்தார். அந்த ரயிலில் முன்பின் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் இன்றும் அந்த ஆட்டத்தைவிட அந்தப் பயணத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

மும்பை, பெங்களூரு ரசிகர்கள் உள்ளே வரலாமா?

வரட்டும். கலாய்ப்பதும் கலாய்க்கப்படுவதும் சரிசமமாக இருக்கும் வரை சந்தோஷம். "ஈ சாலா கப் நம்தே" (இந்த வருடம் கோப்பை நமதே) என்ற பெங்களூரு ரசிகர்களின் கோஷத்தை வைத்துப் பல வருடம் ஓட்டினோம். 2025-இல் அவர்கள் நிஜமாகவே கோப்பை வென்றதும் வாழ்த்துச் சொன்னோம். வென்ற மறுநாள் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்த செய்தி வந்தபோது, கேலிப் படம் எதுவும் இங்கே வரவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் இலங்கையிலிருந்து பேசுகிறேன். எனக்கு இங்கே இடம் உண்டா?

உண்டு. முதல் மூன்று சீசனில் முரளிதரன் நம் பந்துவீச்சாளர், சென்னைக்கு மாப்பிள்ளையும்கூட. தீக்ஷணா, பதிரானா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் புது ஆட்கள் நிறைய வந்தார்கள். 2013-இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாத நிலையும் இருந்தது. போரின் வலியோடு சேர்ந்த விஷயம் அது. இதைப் பற்றி ஒவ்வொருவர் மனதிலும் ஒன்று இருக்கும். அதைப் பேச வேண்டுமென்றால் பேசலாம், ஆனால் இழப்பை நேரில் கண்டவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொள்வதுதான் முறை.

எப்படிக் கூப்பிடுவது? தங்கிலீஷில் எழுதலாமா?

ப்ரோ, மச்சி, மாப்ள, அண்ணே, அக்கா, நண்பா, எல்லாம் ஓடும். மதுரைக்காரர் "மாப்ள" என்றும், யாழ்ப்பாணத்து நண்பர் "மச்சான்" என்றும் ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள். வயது தெரியாவிட்டால் "ங்க" போட்டுப் பேசுங்கள். இங்கே ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரும் இருக்கிறார், ஒன்பதாம் வகுப்புப் பையனும் இருக்கிறான். பெண்கள் பேசினால் தனிச்செய்தி அனுப்பித் தொல்லை செய்வது கூடவே கூடாது. அதற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. எந்த எழுத்தில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம்.

டிக்கெட் கிடைக்குமா?

இங்கே யாரும் விற்பதில்லை. கூடுதல் விலைக்கு விற்க வருபவரை நம்பாதீர்கள். டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் பார்கோடு தெரியப் படம் போடாதீர்கள். அதை எடுத்து வேறொருவர் உள்ளே போய்விட முடியும். முதல் முறை சேப்பாக்கம் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்குவதா, மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடப்பதா, எந்த கேலரிக்கு எந்தச் சாலை வாசல் என்று பட்டாபிராம் முதல் பாளையங்கோட்டை வரை இருப்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

சரி, நான் என்ன எழுதி ஆரம்பிக்கட்டும்?

நீங்கள் முதலில் பார்த்த சூப்பர் கிங்ஸ் ஆட்டம் எது, யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 2010 ஏப்ரலில் முரளி விஜய் ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்தில் 127 அடித்த ஆட்டம் என்று சொன்னால் பத்துப் பேர் "நானும் அன்னிக்கு கேலரில இருந்தேன்" என்று வருவார்கள். ஆட்டம் எது என்று மறந்துவிட்டால், டீக்கடை டிவியா, ஹாஸ்டல் ஹாலா என்றாவது சொல்லுங்கள். ஆட்டத்தை நாங்கள் கண்டுபிடித்துத் தருகிறோம்.